ஸ்பேஸ் கேம்ல எனக்குக் கெடச்சது மருந்து அடிக்கிற வேல

2005 கடைசில எஸ்பிஎம், அதாவது ஃபார்ம் ஃபைவ் பரீட்சை, எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தப்ப மலேசியாவுல பேராக் பக்கம் இருக்கிற சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு சிசியில, அதாவது சைபர் கஃபேல, வேலைக்கு நின்னேன். கஸ்டமருக்கு மணிக்கு ரெண்டு வெள்ளி (ரிங்கிட்). எனக்குச் சம்பளம்னு பெருசா ஒன்னும் இல்ல, ஆனா கடைய மூடுனதுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் வேணாலும் வெளையாடிக்கோ, கரண்ட்டு மட்டும் அணைச்சிட்டு போன்னு கடை முதலாளி தவுக்கே சொல்லிட்டாரு, அதுக்காகத்தான் நின்னேன்னு சொல்லணும். அப்ப எல்லாப் பயலும் கவுண்டர் ஸ்ட்ரைக்கும் டோட்டாவும்தான். நான் மட்டும் சும்மா இல்லாம ஓசி கேம் எதாவது இருக்கான்னு தேடித் தேடி அலீஜியன்ஸ்னு ஒன்ன எறக்கி வச்சேன்.

அது 2000-ல மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கேம். பெருசா ஓடல. 2004-ல சோர்ஸ் கோடையே, அதாவது கேமோட மூல நிரலையே, வெளிய விட்டுட்டாங்க, அதுக்கப்புறம் ரசிகருங்களே சர்வர் ஓட்டி, ரிப்பேர் பண்ணி, உசுரு போகாம பாத்துக்கிட்டாங்க. ரெண்டு டீம், ஒவ்வொரு டீமுக்கும் ஒரு கமாண்டர். கமாண்டர் மேல இருந்து மேப்பப் பாத்துக்கிட்டு காசு கணக்கு பாப்பாரு, எந்த இடத்துல பேஸ் கட்டணும், எந்த டெக்னாலஜி வாங்கணும்னு முடிவு பண்ணுவாரு. மத்தவங்க எல்லாம் கப்பலுக்குள்ள உக்காந்து ஓட்டணும். அதாவது ஸ்ட்ராட்டஜி கேம்ல நாம மௌஸ்ல இழுத்து அனுப்புற குட்டிக் கப்பல் இருக்குல்ல, இங்க அந்தக் குட்டிக் கப்பலுக்குள்ள ஒரு ஆளு உக்காந்திருக்கான், அவனுக்குக் கோவம் வரும், தூக்கம் வரும், சொன்ன பேச்சு கேக்க மாட்டான். இந்த கேமோட மொத்த ருசியும் அதுலதான் லா.

மேப்பு பல செக்டரா பிரிஞ்சிருக்கும். ஒரு செக்டர்ல இருந்து இன்னொன்னுக்குப் போக அலெஃப்னு ஒரு வாசல். தோட்டத்துல ஒரு டிவிஷன்ல இருந்து அடுத்த டிவிஷனுக்குப் போற கேட்டு மாதிரின்னு வச்சுக்கோங்க. எல்லாரும் அந்தக் கேட்டு வழியாத்தான் போயாகணும், அதனால கேட்டப் பாத்துக்கிட்டு இருக்கிறவன்தான் ராஜா. இது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு.

மொத நாளு நான் என்ன பண்ணேன்னா, ஒரு ஃபைட்டர எடுத்துக்கிட்டு, கண்ணுல பட்ட எதிரி ஸ்கௌட்ட, அதாவது வேவு பாக்குற சின்னக் கப்பல, வெரட்டிக்கிட்டே போனேன். இந்த கேம்ல கப்பல் மூக்கத் திருப்புனா ஒடம்பு உடனே திரும்பாது, வழுக்கிக்கிட்டே பழைய பக்கமா போகும், மழ பேஞ்ச செம்மண்ணு ரோட்டுல மோட்டார் சைக்கிள் பின்னாடி இழுக்குமே அந்த மாதிரி. அதோட மல்லுக்கட்டிக்கிட்டே மூணு செக்டர் தாண்டிப் போயிட்டேன். அவன் என்னடான்னா சண்டையே போடல, ஓடுறான் ஓடுறான் ஓடிக்கிட்டே இருக்கான். நான் அவன் பயந்துட்டான்னு நெனச்சேன். அந்த நேரத்துல நம்ம மைனர் ரெண்டும் செத்துப்போச்சு. மைனர்னா கல்லுல இருந்து ஹீலியம்-3 எடுத்துட்டு வர்ற தானியங்கிக் கப்பல், அதுதான் டீமுக்கு வருமானம். கமாண்டர் டைப் பண்ணாரு, மைனர்கிட்ட யார் இருந்ததுன்னு. யாரும் பதில் சொல்லல. நாந்தான் இருந்திருக்கணும். அந்த ஸ்கௌட்டுக்காரன் என்னைய இழுத்துக்கிட்டுப் போறதுக்குத்தான் வந்திருக்கான்னு ஒரு வாரம் கழிச்சுத்தான் ஒறைச்சிச்சு.

ஒருத்தன் சண்டையும் போடாம, பேஸுக்கும் ஓடாம உங்க முன்னாடியே சுத்துனா வெரட்டாதீங்க. திரும்பி வந்து மைனர் பக்கத்துல நில்லுங்க. நிக்கிறது போரடிக்குந்தான், தெரியும்.

அடுத்த பிரச்சன பிங், அதாவது நாம பண்றது சர்வருக்குப் போயி திரும்பி வர்ற நேரம். சர்வர் எல்லாம் அமெரிக்கா, ஐரோப்பா பக்கம். கடை லைன்ல எனக்கு எப்பவும் 300 மில்லிசெகண்டுக்குப் பக்கத்துல நிக்கும், மழ வந்தா அதுக்கும் மேல. எதிரி போற வேகத்துக்குக் கொஞ்சம் முன்னாடி எங்க சுடணும்னு கேமே ஒரு குறி காட்டும். நான் அந்தக் குறி மேல கரெக்டா சுட்டாலும் ஆளு அங்க இருக்க மாட்டான். ரெண்டு மாசம் இப்படியே செத்துச் செத்து வெளையாண்டேன். கப்பல் வெடிச்சா நீங்க தப்பிக்கிறதுக்குன்னு இருக்கிற ஒரு சின்னக் கூண்டுல, அதாவது பாட்ல, வெளிய வந்துடுவீங்க, நம்ம ஆளு யாராவது வந்து முட்டுனா ஏத்திக்குவான், இல்லன்னா ஆமை மாதிரி ஊந்து ஊந்து பேஸுக்குப் போகணும். நான் கப்பல்ல இருந்த நேரத்த விட பாட்ல மெதந்த நேரந்தான் அதிகம். எதிரிங்க என் பாட்ட சுடக்கூட மாட்டாங்க. இரக்கம்னு நெனச்சேன், அப்புறந்தான் தெரிஞ்சிச்சு, பாட்ட சுட்டுட்டா நான் உடனே பேஸ்ல போய் புதுக் கப்பல் எடுத்துருவேனாம், சுடாம விட்டாத்தான் எனக்கு நேரம் வீணாகும். கெட்டிக்காரனுங்க.

அப்ப ஒரு பழைய ஆளு, எந்த நாடுன்னு தெரியல, என்கிட்ட சொன்னாரு, உனக்கு பிங் இவ்வளவு இருக்கே, ஏன் சண்டைக்குப் போற, ஸ்கௌட் எடு, நானைட் கன் மாட்டு, பாம்பர் பின்னாடி வான்னு.

நானைட் கன்னா நம்ம ஆளு கப்பல் மேல அடிச்சா அதோட ஒடம்பு ரிப்பேர் ஆகும். இதத்தான் நான் மருந்து அடிக்கிறதுன்னு சொல்வேன். ஷீல்டு தானாவே ஏறிக்கும், அதுக்கு நாம ஒன்னும் பண்ண முடியாது, ஒடம்பத்தான் நாம பாத்துக்கணும். பாம்பர் பெருசு, மெதுவா போகும், பேஸ ஒடைக்கிற மிசைல் அதுலதான் இருக்கு. எதிரி பேஸ எல்லாம் ஒடைச்சாத்தான், இல்ல புடிச்சாத்தான் ஜெயிக்க முடியும், ஆக எவ்வளவு பேர சுட்டுத் தள்ளுனாலும் கடைசில பெரும்பாலும் பாம்பர் போய்ச் சேரணும். அது போய்ச் சேரணும்னா பின்னாடி மருந்து அடிக்கிறவன் உசுரோட இருக்கணும். பெரிய கப்பல், நேரா போகுது, அது மேல அடிக்கிறதுக்கு 300 பிங் ஒரு தடையே இல்ல. லைன் சரியில்லாத ஊருல பொறந்த எனக்குன்னே செஞ்ச வேல மாதிரி இருந்துச்சு.

இதுல நான் கத்துக்கிட்டத கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இத யாரும் ஒழுங்கா சொல்லித் தர்றதில்ல. பாம்பருக்கு நேர் பின்னால ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க, பாம்பர் மேல பாயுற குண்டு எல்லாம் ஒங்க மேலயும் விழும். கொஞ்சம் பக்கவாட்டுல, கொஞ்சம் கீழ, அது போற வேகத்துலயே போங்க. ஒடம்பு கொறையட்டும் அப்புறம் அடிக்கலாம்னு காத்திருக்காதீங்க, பிங் இருக்கிறவனுக்குக் காத்திருக்க நேரம் கெடையாது, ஸ்க்ரீன்ல பாதின்னு தெரியுறப்ப அங்க நெசத்துல கால்தான் இருக்கும். ரெண்டு பேரு மருந்து அடிக்கப் போனீங்கன்னா ஒருத்தர ஒருத்தரும் பாத்துக்கணும். வெவரம் தெரிஞ்ச எதிரி பாம்பரத் தொட மாட்டான், மொதல்ல ஒங்களத்தான் கொல்லுவான். அப்ப திரும்பி நின்னு அவனோட சண்ட போடணும்னு கை துறுதுறுன்னு வரும். போடாதீங்க. நீங்க திரும்புன அந்த அஞ்சு செகண்டுல பாம்பர் போயிரும். சாவுற வரைக்கும் மருந்து அடிங்க, செத்துட்டா பாட்ல மெதக்கும்போது பேஸ் வெடிக்கிறத வேடிக்க பாருங்க, அதுவும் அழகாத்தான் இருக்கும்.

கேட்டத் தாண்டுறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒன்னு சேரணும். பாம்பரோட போற பயணம் பாதி இதுலதான் நாசமாகும். ஒருத்தன் அவசரப்பட்டு முன்னாடி போயிருவான், அந்தப் பக்கம் எதிரி முழிச்சுக்குவான், பின்னாடி வர்றவங்களுக்குக் கேட்டுலயே கண்ணிவெடி போட்டு வச்சிருப்பான். கண்ணிவெடிக்குள்ள மாட்டுனா வேகமா பாஞ்சு வெளிய போயிரலாம்னுதான் எல்லாருக்கும் தோணும், ஆனா இந்த கேம்ல வேகம் கூடக் கூட அடியும் கூடும். பிரேக்க போடுங்க, மெதுவா ஊந்து வெளிய வாங்க.

2008-ல வீட்டுக்கே லைன் இழுத்தோம். அப்ப நாங்க லயத்த, அதாவது தோட்டத்து வரிசை வீட்ட, விட்டு டவுனுக்குப் பக்கத்துல தாமான்ல, அதாவது குடியிருப்புப் பகுதியில, குடி வந்துட்டோம், ஆனா அம்மாவுக்கு வேல இன்னும் ரப்பர் தோட்டத்துலதான், லோரி வந்து முச்சந்தியில ஏத்திக்கிட்டுப் போகும். ஜெர்மனியில ராத்திரி 9 மணின்னா கோடையில நமக்கு விடியக்காலம் 3 மணி, குளிர்காலத்துல 4. அமெரிக்காவுல கெழக்குப் பக்கத்துக்காரன் சனிக்கெழம ராத்திரி 9 மணிக்கு உக்காந்தா நமக்கு ஞாயித்துக்கெழம காலையில பசியாறுற நேரம். ஆக நல்ல கேம் வேணும்னா ஒன்னு விடியக்காலம் எழுந்திரிக்கணும், இல்லன்னா தூங்கவே கூடாது. நான் ரெண்டாவது கட்சி. நான் ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற நேரத்துல அம்மா எழுந்து, தண்ணி கொதிக்க வச்சு, தலை லைட்டு பேட்டரியப் பாத்து, கொசுவத்திய இடுப்புல தொங்கவிடுற டப்பாவுல வச்சு ரெடி ஆகிக்கிட்டு இருப்பாங்க. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நல்லா எறங்கும், வெயில் ஏறுனா மரத்துல கட்டுன மங்குல விழுறது கொறஞ்சிரும், அதனால இருட்டுலயே வெட்டப் போயிரணும். அதே குளிர்ச்சியில மவன் பேன் போட்டுக்கிட்டு ஸ்பேஸ்ல மெதந்துக்கிட்டு இருக்கான். எனக்கு வெக்கமா இல்லையான்னு கேக்காதீங்க, அப்ப இல்ல.

ஒருநா அம்மா பின்னாடி வந்து நின்னு, என்னாடா பண்ற இந்நேரத்துலன்னு கேட்டாங்க. எப்படிச் சொல்றது, பெரிய கப்பலுக்குப் பின்னாடி போயி மருந்து அடிக்கிறேம்மான்னு சொன்னேன். அம்மா சிரிக்கல. மருந்து அடிக்கிற வேலையாடா ஒனக்குன்னாங்க. எங்க பக்கம் மருந்து அடிக்கிறதுன்னா புல்லுக்கு மருந்து அடிக்கிறது, முதுகுல பம்ப மாட்டிக்கிட்டு பொம்பளைங்க போற வேல, அதுல நல்லது நடந்ததா யாரும் சொல்லிக் கேட்டதில்ல. இது வேறம்மா, இதுல அடிச்சா பொழைக்கும்னு சொன்னேன். அப்படி ஒரு மருந்து இருக்கான்னுட்டு லோரிக்குப் போயிட்டாங்க.

ஸ்கௌட்டுக்கு இன்னொரு வேல, ப்ரோப் போடுறது. டீம்ல யாராவது ஒருத்தர் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் மேப்புல எல்லாருக்கும் தெரியும், இல்லன்னா இருட்டு. ப்ரோப்ப போட்டுட்டுப் போனா அது அங்கயே காவக்கார ஜாகா மாதிரி உக்காந்துக்கிட்டு வர்றவன் போறவன எல்லாம் காட்டும். புதுசா வர்றவங்க கேட்டு வாசல்லயே போடுவாங்க, எதிரி வெளிய வந்த உடனே பாத்து சுட்டுட்டுப் போயிருவான். கொஞ்சம் தள்ளி, அவன் வழக்கமா போற பாதைக்கு மேலயோ கீழயோ போடுங்க. அவன் முன்னாடி பாத்துக்கிட்டு போவான், தலைக்கு மேல பாக்க மாட்டான். நீங்களும் ஒளிஞ்சு இருக்கணும்னா பூஸ்டரத் தொடாதீங்க, சும்மா சுடாதீங்க, ரெண்டும் நீங்க இருக்கிற இடத்த தூரத்துல இருக்கிறவனுக்குக் காட்டிக் கொடுத்துரும்.

சரி, கண்டுபிடிச்சாச்சு, இப்ப சொல்லணும்ல. இங்கதான் நான் நெறைய நாள் தப்பு பண்ணேன். எதிரி பாம்பரப் பாத்த உடனே பாம்பர் பாம்பர்னு கத்துவேன். எல்லாரும் எங்க எங்கன்னு கேப்பாங்க, நான் செக்டர் பேரத் தேடுறதுக்குள்ள அது பேஸ் பக்கத்துல வந்துரும். காட்டுல பாம்பப் பாத்தவன் பாம்பு பாம்புன்னு கத்துனா என்னா ஆகும், நாலு நிரையில, அதாவது மர வரிசையில, இருக்கிறவனும் கத்திய போட்டுட்டு ஓடுவான், அதுல ஒருத்தன் பாம்பு மேலயே போய் ஏறுவான். வெவரமானவன் மொதல்ல பதினேழாவது நிரைன்னு சொல்லிட்டு அப்புறம் பாம்புன்னு சொல்லுவான். அதே மாதிரிதான், மொதல்ல எந்த செக்டர், அப்புறம் என்ன கப்பல், எத்தன, எந்தப் பக்கம் போகுது. அவ்வளவுதான். இங்கிலீஷ் வரலன்னு பயப்படாதீங்க, எனக்கும் அப்ப தட்டுத்தடுமாறித்தான், கீபோர்டுல ரெண்டு மூணு பட்டனத் தட்டுனா கேமே ரெடிமேடா வச்சிருக்கிற குரல்ல உதவி வேணும், சரி, முடியாதுன்னு எல்லாம் பேசும், பாதி நாளு அதுலயே காலத்த ஓட்டுனேன்.

ஒரு சின்ன விஷயம், கேமுக்கு சம்பந்தம் இருக்கு ஆனா இல்ல. எங்க பக்கம் இடி ஜாஸ்தி. ஒரு ராத்திரி இடிக்குதேன்னு கம்ப்யூட்டர் ப்ளக்கப் புடுங்கிட்டு நிம்மதியா படுத்தேன். காலையில பாத்தா மோடம் கருகிப்போயி கெடக்கு. போன் வயரப் புடுங்க மறந்துட்டேன், இடி அது வழியாத்தான் வந்திருக்கு. மூணு வாரம் கேம் இல்ல, மோடம் காசு வேற. இடி இடிச்சா ரெண்டு வயரையும் புடுங்குங்க.

ஒரு நாலு வருஷம் போனதுக்கு அப்புறம் கமாண்டர் ஆகலாம்னு ஆச வந்துச்சு. எல்லாந்தான் தெரியுமேன்னு ஒரு மெதப்பு. அன்னிக்கு ஞாயித்துக்கெழம காலையில கமாண்டர் பண்ண ஆளு இல்ல, நான் பண்றேன்னுட்டு உக்காந்தேன்.

இந்த கேம்ல மூணு பெரிய டெக் பேஸ் இருக்கு, ஒவ்வொன்னுக்கும் ஒரு தனிக் கல்லு வேணும். சுப்ரீமஸிக்குக் கார்பன், டாக்டிக்கலுக்கு சிலிகான், எக்ஸ்பேன்ஷனுக்கு யுரேனியம். சுப்ரீமஸி போனா நல்ல ஃபைட்டர், டாக்டிக்கல் போனா கண்ணுக்குத் தெரியாம போற ஸ்டெல்த் கப்பல், எக்ஸ்பேன்ஷன் போனா இன்டர்செப்டர். இன்டர்செப்டர் வீட்டு வாசல்ல புலி, ஆனா தூரம் போகாது, ரிப்கார்டு போட்டு, அதாவது தூரத்து பேஸுக்கு ஒரே தாவா, தாவவும் முடியாது. ஒன்ன எடுத்தா அதுலயே ஊனி நிக்கணும். நான் என்ன பண்ணேன், ரெண்டு கல்லு பக்கத்து பக்கத்துல இருந்துச்சுன்னு ரெண்டு பேஸுக்கும் கன்ஸ்ட்ரக்டர், அதாவது பேஸ் கட்டுற கப்பல், வாங்கிட்டேன். காசு காலி. மைனர் வாங்கக் காசு இல்ல. ரெண்டு கன்ஸ்ட்ரக்டருக்கும் பாதுகாப்புக்கு ஆளு போங்கன்னு சொன்னேன், ஒருத்தனும் போகல, ரெண்டும் வழியிலயே செத்துச்சு. அப்புறம் கத்த ஆரம்பிச்சேன். யாராவது மைனர பாருங்கடா, யாராவது ப்ரோப் போடுங்கடா, யாராவது யாராவதுன்னு, தமிழும் இங்கிலீஷும் மலாயும் கலந்து, ஹெட்செட்ல. அரை மணி நேரத்துல நானே தோத்துட்டோம்னு ஓட்டு போடச் சொல்லி முடிச்சிட்டேன். ஒருத்தன் நல்லா தூங்குன்னு டைப் பண்ணிட்டுப் போனான்.

அம்மா அன்னிக்கு வீட்டுல இருந்தாங்க, அடுப்படியில மீன் ஆஞ்சுக்கிட்டு.

யாரடா அப்படித் திட்டுன?

எல்லாரையுந்தாம்மா. ஒருத்தனும் சொன்னத கேக்க மாட்றான்.

எல்லாரையும் திட்டுனா எவனுக்குடா ஒறைக்கும்? பெரட்டுல கிராணி நின்னு யாராச்சும் போயி அந்த நிரைய பாருங்கன்னு சொன்னா போவமா நாங்க? பேரக் கூப்புடணும். நீ இந்த நிரை, நீ அந்த நிரை. கூப்புட்ட பேருக்குத்தான் கால் நகரும்.

அவ்வளவுதான் சொன்னாங்க, மீனு வேலையப் பாக்கப் போயிட்டாங்க. பெரட்டுன்னா தோட்டத்துல விடியக்காலம் பேர் கூப்பிட்டு வேல பிரிக்கிறது, கிராணின்னா கணக்குப்பிள்ளை. நான் சின்னப் புள்ளையில பாத்திருக்கேன், லைட்டுக் கம்பத்துக்குக் கீழ இருட்டுல வரிசையா நிப்பாங்க, பேரக் கூப்பிடுவாங்க, ஆளு ஆளுக்கு வேல. வராதவன் நிரைய யாரு வெட்டுறதுங்கிறதும் அங்கயே முடிவாயிரும். அதுல ஒரு தந்திரம் இருக்கிறதா நான் என்னிக்குமே நெனச்சுப் பாத்ததில்ல.

அடுத்த தடவ கமாண்டர் பண்ணும்போது யாராவதுங்கிற வார்த்தையவே விட்டுட்டேன். கேம்லயே ஒரு ஆள மட்டும் க்ளிக் பண்ணி, இங்க போன்னு உத்தரவு கொடுக்க வழி இருக்கு, அது அவன் ஸ்க்ரீன்ல மட்டும் வரும், அவன் ஓகே பண்ணணும். மொத ரெண்டு நிமிஷத்துலயே ஆளு ஆளுக்குப் பேர் சொல்லிப் பிரிச்சிருவேன். நீ மைனர், அது பேஸுக்குத் திரும்புற வரைக்கும். நீ வடக்கு கேட்டு ப்ரோப். எது வரைக்கும்னு சொல்றது முக்கியம், முடிவு தெரியாத வேலைய எவனும் நின்னு செய்ய மாட்டான், நானே செய்ய மாட்டேன். எப்பவும் ரெண்டு பேர சும்மா விட்டு வைப்பேன், எங்கயாவது ஓட்ட விழுந்தா அடைக்க. சுட்டுக் கொன்னவன விட சும்மா நின்னவனுக்குத்தான் நன்றி சொல்வேன். மைனர் மூணு தடவ பத்தரமா வந்துச்சு, ஒன்னாலதான்னு பேர் போட்டு எழுதுவேன். அடுத்த கேம்ல அவனே கேட்டு வாங்கிக்கிட்டு மைனர்கிட்ட போவான்.

நான் பெரிய கமாண்டர் ஒன்னும் ஆகல. பாதிக்குப் பாதி ஜெயிச்சிருந்தா அதிகம். ஆனா யாரும் தூங்குன்னு சொல்லல.

காசு விஷயத்துலயும் ஒன்னு சொல்லணும். வருமானம் ஆளுக்கு ஆளு பங்கு பிரிஞ்சு போகும், அவங்கவங்க விருப்பப்பட்டா கமாண்டருக்கே திருப்பிக் கொடுக்கலாம். சில பேரு தனக்கு நல்ல கப்பல் வாங்க காச புடிச்சு வச்சிக்குவான். ஒருத்தன் நல்ல கப்பல்ல போறதுல டீமுக்கு ஒன்னும் வரப்போறதில்ல, ஆனா அந்தக் காசெல்லாம் சேந்தா ஒரு மைனர் வாங்கலாம், அந்த மைனர் கேம் முடியுற வரைக்கும் சம்பாதிக்கும். இத நான் தாத்தாவ வச்சுத்தான் புரிஞ்சிக்கிட்டேன். வெள்ளைக்காரன் தோட்டத்த துண்டு போட்டு விக்க ஆரம்பிச்ச காலத்துல, இந்த ஊர்க்காரரும் அப்ப மந்திரியுமா இருந்த துன் சம்பந்தன் 1960-ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு. பால்மரம் வெட்டுறவங்க சம்பளத்துல கொஞ்சங் கொஞ்சமா கட்டி, சேந்த காசுல தோட்டத்தையே வாங்குனாங்க. தாத்தா அந்தப் பங்குப் பத்திரத்த பிளாஸ்டிக் பையில சுத்தி சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தாரு. தனியா அவரால ஒரு மரம் கூட வாங்கியிருக்க முடியாது. மைனருக்குக் காசு தராம கப்பல் வாங்குறவனப் பாத்தா எனக்கு அந்தப் பிளாஸ்டிக் பை ஞாபகம் வந்து தேவையில்லாம கோவம் வரும், அது கொஞ்சம் ஓவர்தான், கேம்தானே.

நடுவுல பல வருஷம் விட்டுட்டேன். வேல, கல்யாணம், ஈப்போவுக்குப் போக வர. 2017-ல அதே கேம ஸ்டீம்ல ஓசியா விட்டாங்க, அதே வருஷம் கோடையும் யாரும் எடுத்து மாத்திக்கலாம்ங்கிற எம்ஐடி லைசென்ஸ்ல தொறந்து விட்டாங்க. கேள்விப்பட்ட உடனே பழைய சிசி பயலுங்க நாலு பேருக்கு வாட்ஸ்அப் போட்டேன். ஒருத்தன் சிங்கப்பூர்ல, ஒருத்தன் பினாங்கு ஃபேக்டரியில, ரெண்டு பேரு ஊர்லயே. ஃபைபர் வந்துருச்சு, பிங் கொறஞ்சிருச்சு, ஆனா கடல் கடல்தானே, 200-க்குக் கீழ பாத்ததா ஞாபகம் இல்ல.

நெட்டைன்னு நாங்க கூப்பிடுற பயலுக்கு இன்டர்செப்டர்தான் உசுரு. மொத கேம்ல பதினோரு கில். தோத்தோம். அவன் ஸ்கோர்போர்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்புல போட்டான். ரெண்டாவது கேம்லயும் அப்படியே. மூணாவதுல நான் அவன்கிட்ட, மச்சான், ஒரே ஒரு தடவ ஸ்கௌட் எடுத்துக்கிட்டு என் கூட மருந்து அடிக்க வாடான்னேன். மொனகிக்கிட்டே வந்தான். பாம்பர் ஓட்டுனது யாரோ தெரியாத ஆளு. கேட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாரும் சேர்ற வரைக்கும் ஒரு நிமிஷத்துக்கு மேல நின்னோம், நெட்டைக்கு அந்த நிமிஷமே தாங்கல, போலாம் போலாம்னு காதுல கத்துறான். போனோம். என்னைய பாதி வழியிலயே கொன்னுட்டாங்க. அவன் மட்டும் மருந்து அடிச்சுக்கிட்டே போறான், இன்டர்செப்டர் ரெண்டு அவன் மேல விழுது, அவன் திரும்பல, கெட்ட வார்த்தையா பொழியுறான் ஆனா திரும்பல. நான் பாட்ல மெதந்துக்கிட்டே மேப்புல பாக்குறேன், பாம்பர் புள்ளி பேஸ் புள்ளி மேல ஏறிருச்சு. வெடிச்சிருச்சு. நெட்டைக்கு ஸ்கோர்போர்டுல கில் சைபர். அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் குரூப்புல போட்டான், சைபரச் சுத்தி செவப்பு வட்டம் போட்டு.

இப்ப அந்த கேம்ல ஆளு கம்மி, எப்பவும் ஆடிக்கிட்டு இருக்க மாட்டாங்க. புதுசா போறவங்க கண்ட நேரத்துல போயி காலி சர்வரப் பாத்துட்டு செத்த கேம்னு முடிவு பண்ணிடாதீங்க, வார கடைசியில அவங்க ஊரு ராத்திரி நேரமா பாத்துப் போங்க. மொத பத்து கேமுக்கு ஃபைட்டரத் தொடாதீங்க. ஸ்கௌட் எடுங்க, நானைட் மாட்டுங்க, வெவரமானவன் எவன்னு பாத்து அவன் பின்னாடியே போங்க, கேள்வி கேளுங்க. வயர்ல நெட்ட மாட்டுங்க, வைஃபை வேணாம். மைக்க எப்பவும் தொறந்து வைக்காதீங்க, என் வீட்டுச் சேவல் கூவுனத பாதி ஐரோப்பா கேட்டிருக்கு.

அம்மா இப்ப வேலைக்குப் போறதில்ல. அவங்க வேல பாத்த தோட்டத்துல பால்மரத்த வெட்டிட்டு செம்பனை நட்டாங்க, கடைசி அஞ்சாறு வருஷம் அவங்களும் பம்ப மாட்டிக்கிட்டு மருந்து அடிக்கத்தான் போனாங்க. பாராகுவாட்டுங்கிற புல்லு மருந்த 2020-ல அரசாங்கம் தடை பண்ணுச்சு, அதுக்குள்ள அம்மா நின்னுட்டாங்க. ஆனா பழக்கம் விடல, இன்னும் நாலு மணிக்கு எழுந்துருவாங்க, செய்ய ஒன்னும் இல்ல, மைலோ கலக்கி எனக்கும் ஒரு கோப்ப மேசையில வச்சிட்டு நாற்காலியப் போட்டு பக்கத்துல உக்காந்துக்குவாங்க. போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம விடியக்காலம் அப்படித்தான், நான் ஹெட்செட்ட ஒரு காதுல மட்டும் மாட்டியிருக்கேன்.

இன்னிக்கு நீதான் கிராணியா?

இல்லம்மா. இன்னிக்கு மருந்து அடிக்கிற வேல.

கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க, மூஞ்சிக்குத் துணி கட்டிக்கிட்டியா?